படத்தில் சிறுத்துத் தெரிந்த இடம்

ஸ்கேன் எடுக்க மதுரைக்குப் போவதற்கு முந்தின நாள், என் வீட்டுக்காரரை மூன்று முறை குளிக்க வைத்தேன். முதலில் நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய், அப்புறம் சோப்பு, அதற்கும் அப்புறம் எலுமிச்சம்பழத் தோலை வைத்து நகக்கண் நகக்கண்ணாகத் தேய்த்தேன். அவர் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிறவர். கலக்குகிற ஆட்களுக்கு அலுமினியப் பவுடர் உடம்போடு ஊறிப்போயிருக்கும். காது மடலுக்குப் பின்னால், புருவத்தில், கழுத்து மடிப்பில் வெள்ளி மாதிரி மினுங்கும். எத்தனை முறை குளித்தாலும் தலையணை உறையில் கொஞ்சம் ஒட்டும். அந்த ஸ்கேன் மெஷின் முழுக்கக் காந்தம், உடம்பில் உலோகம் இருந்தால் இழுத்துவிடும் என்று எங்கள் தெருவில் இருக்கிற நர்ஸ் அக்கா சொல்லியிருந்தார். அவர் சொன்னது மோதிரத்தையும், எலும்பு முறிவுக்கு உள்ளே வைத்த கம்பியையும் பற்றி. எனக்கோ பவுடர் நினைவுதான் வந்தது. மெஷினுக்குள் படுத்திருக்கும்போது அவர் தோலோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது?

முன்பெல்லாம் முதுகு தேய்க்கப் போனாலே, "ஏ பிள்ள, என்னைய என்ன பொங்கப் பானைன்னு நெனச்சியா?" என்று தண்ணீரை என் மேல் அடிப்பார். அன்றைக்குக் கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார். திரும்பச் சொன்னால் திரும்பினார்.

மறுநாள் ஸ்கேன் எடுக்கிறவர் படிவத்தை வைத்துக்கொண்டு, "உடம்புல மெட்டல் ஏதாவது இருக்காய்யா?" என்று அவரைக் கேட்டார். அவர் வாய் திறப்பதற்குள் நான், "அலுமினியப் பவுடர் இருக்கு சார். இருவது வருசத்துக்கு மேல இந்த வேலதான். நல்லாத் தேச்சுத்தான் கூட்டியாந்திருக்கேன்" என்றேன்.

ஸ்கேன்காரர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "அலுமினியத்தக் காந்தம் இழுக்காதும்மா. உள்ள வெடி ஏதும் வச்சிருக்காரா, அதச் சொல்லுங்க."

"இருந்ததெல்லாம் நமுத்துப் போச்சு சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஸ்கேன்காரர் அதற்கும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மழையில் நனைந்து, பற்றவைத்தாலும் எரியாத வெடியைத்தான் எங்கள் ஊரில் நமுத்தது என்போம். அவர் வேடிக்கைக்காக அதைச் சொல்லவில்லை.

அதற்கு ஏழெட்டு மாதங்களுக்கு முன்னால் தீபாவளி முடிந்து கம்பெனி மூடியிருந்த நாட்களில்தான் அது ஆரம்பித்தது. எங்களுக்கு ஊர் சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டி. சீசன் முடிந்ததும் ஊரே கொஞ்ச நாள் படுத்துத் தூங்கும். அவரும் அப்படித்தான் அலுப்பில் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு பூஜை போட்டுக் கம்பெனி திறந்தது. வேலைக்குப் போனார், வந்தார், சுவரைப் பார்த்துப் படுத்தார். தட்டில் போட்ட சோற்றை நாலு விரலால் ஒதுக்கி ஒதுக்கி வைத்தார். காரியாபட்டியில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் போன் பண்ணினால், "அம்மாட்ட பேசு" என்று என்னிடம் நீட்டிவிடுவார்.

நான் காரணம் தேடினேன். வீட்டில் சாவு இல்லை. கம்பெனியில் விபத்து இல்லை. மகள் நன்றாக இருக்கிறாள். யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கம்பெனிப் பெண்களைத் துருவித் துருவிக் கேட்டேன். இயல்பிலேயே நான் அப்படித்தான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் நிற்கிற இடம் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட, பரீட்சை நாளில் வாந்தி எடுத்து எடுத்து அம்மா சலித்துப்போனதுதான் காரணம். இப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர்த் தாள் அடுக்குகிறேன். அங்கேயும் அடுக்கியதை இரண்டாம் முறை எண்ணுவேன்.

தை மாதத்தில் ஒருநாள் சாப்பாட்டுக்கு நடுவில், "நான் இருந்து என்ன செய்யப் போறேன்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, குழம்பு இருக்கிறதா என்று கேட்பது போலத்தான் கேட்டார். காலை முழுக்க வெடிமருந்துக்கு நடுவில் நிற்கிற மனிதர் அப்படிக் கேட்டால் பெண்டாட்டிக்கு என்ன தோன்றும்? கையைக்கூடக் கழுவாமல் நர்ஸ் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

அக்காதான் எங்களை விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். இது மனச்சோர்வு நோய், சர்க்கரை மாதிரி, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு வியாதி, மாத்திரை தினமும் தவறாமல் சாப்பிட வேண்டும், பலன் தெரிய ஒன்றரை மாதம் ஆகும் என்றார் அந்த அம்மா. காலையில் சாப்பிட்ட பிறகு ஒன்று.

வெயில் ஏறுவதற்கு முன்னால் கலக்கி முடிக்க வேண்டும் என்பதால் அவர் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். காலைச் சாப்பாடு கம்பெனியில்தான். அதனால் மாத்திரையைக் காலண்டர்த் தாளில் மடித்து, துவையல் வைக்கிற சம்படத்தோடு சேர்த்து வைத்துவிடுவேன். சாயங்காலம் அவர் வந்ததும் முதல் வேலை, அந்தத் தாளைப் பிரித்துப் பார்ப்பது. காலியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பார், என் கையால் கொடுப்பேன், என் கண் முன்னால் விழுங்குவார்.

ஒன்றரை மாதம் போனது. மாற்றம் இல்லை. அளவைக் கூட்டினார்கள். பங்குனியில் மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு ஊரெல்லாம் விருதுநகருக்குப் போனது, அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. மாத்திரையையே மாற்றினார்கள். ஒவ்வொரு முறை போகும்போதும் டாக்டரம்மா கேட்பார்: "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா?" அவரைப் பார்த்துத்தான் கேட்பார், நான்தான் முந்திக்கொள்வேன். "ஒரு நாள்கூடத் தவறலம்மா. நான் பாத்துக்கிடுதேன்ல." அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இரண்டாவது மாத்திரையும் கேட்கவில்லை என்றானபோது, வேறு கோளாறு ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். அப்படித்தான் மதுரை போனது, மூன்று குளியல் எல்லாம்.

ஸ்கேன் படத்தை நான் பஸ்ஸிலேயே கவரிலிருந்து உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்பில் வெள்ளையாக, பாதியாக வெட்டின அக்ரூட் பருப்பு மாதிரி இருந்தது. இதற்குள்தான் அவருடைய சிரிப்பு, கோபம், என்னைக் கேலி பண்ணுகிற பேச்சு எல்லாம் இருந்ததா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா படத்தை விளக்குப் பலகையில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை என்றார். பிறகு பேனா முனையை ஒரு இடத்தில் வைத்தார்.

"இந்த இடத்துக்கு ஹிப்போகாம்பஸ்னு பேரு. ஞாபகம், மனசு இதுக்கெல்லாம் சம்பந்தப்பட்டது. ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு இருக்கும். இவருக்கு அது கொஞ்சம் சின்னதா இருக்குன்னு எழுதியிருக்காங்க."

"சின்னதுன்னா எம்புட்டும்மா?"

"ரொம்ப இல்ல. இந்த வியாதி இருக்கிறவங்கள்ல சில பேருக்கு இப்படி இருக்கிறது உண்டு. அந்த மாதிரி ஆளுங்களுக்கு மாத்திரை வேலை செய்றது கொஞ்சம் கஷ்டம்னு ஒரு கருத்து இருக்கு. ஆனா அது நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்துச் சொல்றது. இவர் ஒருத்தர் படத்த மட்டும் பார்த்து, இவருக்கு மாத்திரை கேக்கும், கேக்காதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

என் வீட்டுக்காரர் அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து, "பொறக்கும்போதே அப்படியாம்மா, இப்ப சுருங்கினதா?" என்று கேட்டார்.

"அதுவும் தெரியாதுங்கய்யா. முன்னாடியே அப்படி இருந்திருக்கலாம். வியாதியால ஆகியிருக்கலாம். குணமானா பழையபடி ஆறதும் உண்டுங்கிறாங்க."

அந்த அம்மா இத்தனை 'தெரியாது' சொன்னார். நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்றுதான்: மூளையில் ஒரு இடம் சின்னது, அதனால்தான் மாத்திரை கேட்கவில்லை. சொல்லப்போனால் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. காரணம் தேடித் தேடி அலுத்தவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. என் குற்றமும் இல்லை, அவர் குற்றமும் இல்லை. நர்ஸ் அக்காவிடம் சொன்னேன், மகளிடம் சொன்னேன், அச்சகத்தில் பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னேன். அக்கா மட்டும், "ஏ, அவுக அப்படிச் சொல்லியிருக்க மாட்டாகளே" என்றார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அவரோ அதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விட்டார். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, நெற்றிப்பொட்டை இரண்டு பக்கமும் விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். என்ன என்று கேட்கவில்லை. தெரியும்.

அடுத்த முறை போனபோது, இரண்டு மாத்திரையும் கேட்காததால் இனி இரண்டை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கலாம், அதற்கும் சரியாகாவிட்டால் தலையில் கரண்ட் வைக்கிற வைத்தியம் இருக்கிறது, மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள், வலிக்காது, நல்ல வைத்தியம்தான் என்றார் டாக்டரம்மா. மயக்கம், வலிக்காது எதுவும் என் காதில் ஏறவில்லை. கரண்ட் என்ற சொல் மட்டும்தான் ஏறியது. கம்பெனிக்குள் ஒரு பொறி பறக்கக்கூடாது என்று இரும்புச் சாவியைக்கூட வெளியே வைத்துவிட்டுப் போகிறவர் அவர். எழுதிக்கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு சிவகாசி பஸ் ஏறினோம்.

பஸ் ஊரைத் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏ பிள்ள. மாத்திர கேக்கலன்னு அவுக சொல்லக்கூடாது."

"பின்ன? கேட்டுச்சா?"

"நான் திங்கல."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை.

"என்ன சொல்லுதீக? தாளு காலியாத்தான வந்துச்சு?"

"தாளு காலியாத்தான் வரும். மாத்திரயத் தண்ணித் தொட்டில போட்டுருவேன்."

அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. முதல் பத்து நாள் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். பதினோராவது நாள் சல்லடையில் சலித்துக்கொண்டிருக்கும்போது மாத்திரைத் தூக்கத்தில் கண் சொக்கியிருக்கிறது. கை தளர்ந்து, சல்லடை விளிம்பு தட்டின் விளிம்பில் உரசியிருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த அறையில் மூன்று பெண்கள் காகிதக் குழாயில் வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து நின்றபோது அவர்கள் ஏதோ பேசிச் சிரித்தது கேட்டதாம். கலக்குகிற அறை வாசலில் எப்போதும் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். கீழே சிந்தினது, துடைத்த துணி, சரியில்லை என்று தோன்றுகிற எதுவானாலும் அதில் போட்டுவிட வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே சொல்லிக்கொடுப்பது. மறுநாள் மாத்திரையை அதில் போட்டுவிட்டார். அதற்கடுத்த நாளும்.

"ஞாயித்துக்கிழம மட்டும் திம்பேன். அன்னைக்கு என்னால ஆருக்கும் ஆபத்தில்லல்ல."

"டாக்டரம்மாட்டச் சொல்லியிருந்தா வேற குடுத்திருப்பாகளே."

"சொன்னா கலக்கப் போகாதன்னுருப்பாக. வீட்டுல ஒக்காந்து நான் என்ன செய்ய? அங்கன நிக்கிற அந்த மூணு மணி நேரந்தான் மண்டைக்குள்ள சும்மா இருக்கு."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"ஒன்கிட்டச் சொன்னா நீ பதறிப் போவ பிள்ள. நான் வேலைக்குப் போற நாளெல்லாம் நீ வாசல்லயே நிப்ப. எனக்கு என்னையவே தூக்க முடியல. ஒன்னையும் எப்படித் தூக்க?" என்றார்.

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை.

வழியில் ஆமத்தூரில் பஸ் நின்றது. "எறங்குங்க" என்றேன். நடத்துநர், "டிக்கெட்டு சிவகாசிக்குல்லம்மா எடுத்தீக?" என்றார். இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றோம். விருதுநகர் பஸ் வர அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணியும் நான் டாக்டரம்மா திட்டப் போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். ஐந்து மாதமாக 'ஒரு நாள்கூடத் தவறலம்மா' என்று சொன்ன வாய் இது.

அவர் திட்டவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுக் கோப்பை மூடி வைத்தார். "தப்பு என் பேர்லயும் இருக்கு. என்ன வேலைன்னு கேட்டேன். அந்த வேலையில எப்படி நிக்கிறீங்கன்னு கேக்கல" என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாப்பிட்டால் இந்த மாத்திரை ஏறாது, தினமும் உள்ளே போய்ச் சேர்ந்தால்தான் வேலை செய்யும் என்று விளக்கினார். எந்த மாத்திரையும் கேட்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது, முதலிலிருந்து ஆரம்பிப்போம், ஆனால் கலக்குகிற வேலை வேண்டாம் என்று கம்பெனிக்கு ஒரு கடிதம் கொடுத்தார்.

"அப்ப அந்தப் படத்துல இருந்தது?" என்று கேட்டேன்.

"படத்துல இருக்கிறது இருக்குதும்மா. அதுக்கு என்ன அர்த்தம்னுதான் நமக்கு இப்பவும் தெரியல."

போர்மேன் கடிதத்தைப் படித்துவிட்டு, தொட்டியில் மாத்திரை போட்ட கதையையும் கேட்டுவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏலே, மாத்திரையத் தொட்டில போட்டதுக்கு, தூக்கம் வருதுன்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே ஒன்னைய வெளிய ஒக்கார வச்சிருப்பேன்ல?" என்றார். ஆனால் அனுப்பிவிடவில்லை. பேக்கிங் பகுதியில் போட்டார். பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலை, சுற்றிலும் பெண்கள். "வாங்கண்ணே. கலக்குற ஆளு எங்க பசைச் சட்டியக் கலக்க வந்துட்டாகளா?" என்று ஒருத்தி கேட்டாளாம். அவர் என்னிடம் அதைச் சொன்னார். சிரிக்கவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்து சொன்னார். மறுநாள் நான் அச்சகத்தில் பாதி நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை இந்த முறை ஒழுங்காகப் போனது. இரண்டு மாதத்தில் ராத்திரித் தூக்கம் வந்தது. சாப்பிட்டார். மகள் பேசினால் ரெண்டு வார்த்தை பேசினார். 'இருந்து என்ன செய்ய' என்ற பேச்சு நின்றது. எனக்கு அதுவே பெரிது. ஆனால் அத்தோடு நின்றுவிட்டது. பேசினால் பதில் சொல்வார், அவராகப் பேச மாட்டார். பேரன் மேலே ஏறி விளையாடினால் விழாமல் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். தீபாவளி வந்தது, போனது. அளவைக் கூட்டினார்கள். ஒரு மாத்திரை கூடுதலாகச் சேர்ந்தது. பாதி மனிதர் திரும்பி வந்திருக்கிறார், மீதிப் பாதியைக் காணவில்லை.

போன மாதம் போயிருந்தபோது அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இம்புட்டுதானா? அந்த எடம் சின்னதா இருக்கிறதாலயா? இல்ல நான் தாளைப் பாத்துக்கிட்டு விட்ட அந்த அஞ்சு மாசத்தாலயா?"

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

"இன்னொரு ஸ்கேன் எடுத்தாத் தெரியுமா?"

"அதுலயும் இது தெரியாது. இன்னும் நாள் இருக்கு. பார்க்கலாம்."

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்திருப்பார்.

இப்போது மாத்திரையை நான் மடித்துக் கொடுத்தனுப்புவதில்லை. பேக்கிங் வேலை எட்டு மணிக்குத்தான், வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறார். தட்டை வைத்ததும் மாத்திரையை எடுத்து நாக்கில் வைத்துத் தண்ணீர் குடிக்கிறார். பிறகு, நான் கேட்காமலே, என் பக்கம் திரும்பி வாயைத் திறந்து காட்டுகிறார். நாக்கைத் தூக்கியும் காட்டுகிறார். நான் பதறிவிடக்கூடாது என்பதற்காக. ஐம்பது வயதை நெருங்குகிற மனிதர், கம்பெனி வாசலில் சோதனைக்கு நிற்கிறவர் மாதிரி என் முன்னால் நிற்கிறார். "வேண்டாம், வாய மூடுங்க. நான் ஒன்னும் கேக்கல" என்று தினமும் சொல்கிறேன். சொல்லிக்கொண்டே, உள்ளே பார்க்கவும் செய்கிறேன்.